சமன்பாடுகளால் அறிமுகமாதல்: தொடக்க வகுப்பின் முதல் வாரத்துக்கு ஒரு கணக்குச் செயல்பாடு

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் பெரும்பாலான தொடக்க வகுப்புகளில் அறிமுகம் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் எழுந்து நின்று தன் பெயரையும் ஊரையும் அப்பா செய்யும் வேலையையும் சொல்லிவிட்டு அமர்கிறது. முப்பது பேர் சொல்லி முடிக்கும்போது முதலில் சொன்னவரைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவில் இருப்பதில்லை. கூச்சமுள்ள குழந்தை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்ற பதற்றத்தில் இருப்பதால் பிறர் சொல்வதைக் கேட்பதே இல்லை.

இதற்கு மாற்றாக, குழந்தைகள் தங்களைப் பற்றிய செய்திகளை எண்களாக்கி, அந்த எண்களைச் சமன்பாடுகளுக்குள் மறைத்து வைத்து, மற்றவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்து அவற்றைக் கண்டறியும் ஒரு செயல்பாடு உண்டு. அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் கல்வியாண்டின் முதல் நாள்களில் இதைப் பல ஆசிரியர்கள் நடத்துகிறார்கள். அங்கே வீட்டு எண், காலணியின் அளவு, பிறந்த தேதி முதலியவற்றைக் கேட்பது வழக்கம். நம் வகுப்பறைக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் பொருந்தாது. எந்த எண்களைக் கேட்பது, யார் சமன்பாட்டை உருவாக்குவது, விடை கிடைத்த பிறகு என்ன செய்வது என்ற மூன்றையும் நாம் புதிதாக யோசித்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டு வகுப்பறையை மனத்தில் வைத்து அதை இங்கே விளக்குகிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தேவையான மாற்றங்களைப் பின்னர் சொல்கிறேன்.

இந்தச் செயல்பாட்டின் உயிர் ஓரிடத்தில்தான் இருக்கிறது: விடையைக் குழந்தை தருகிறது, அந்த விடைக்கேற்ற கணக்கையும் குழந்தையே உருவாக்குகிறது. நாம் அன்றாடம் கொடுக்கும் கணக்குகளில் கேள்வி நம்முடையது, சரியான விடை ஒன்றே ஒன்று. இங்கே 7 என்ற விடை குழந்தையின் சொந்தச் செய்தி. அதைச் சென்றடையும் வழியோ எண்ணற்றது. 5 + 2 என்று எழுதலாம், 10 − 3 என்று எழுதலாம், 21 ÷ 3 என்றும் எழுதலாம். அவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே அந்தக் குழந்தை கணக்கில் எங்கே நிற்கிறது, எதில் துணிவுகொள்கிறது, எதைத் தவிர்க்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே ஆயத்தத் தேர்வு எதுவும் வைக்காமலேயே முதல் வாரத்தில் குழந்தையையும் அதன் கணக்கறிவையும் சேர்த்தே அறிந்துகொள்ள முடிகிறது. ஆசிரியரே கணக்குகளை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் இந்தப் பயன் முழுவதும் போய்விடும்.

எந்த எண்களைக் கேட்பது

முதலில் செய்ய வேண்டியது கேட்கப்போகும் செய்திகளைத் தேர்ந்தெடுப்பது. ஆறு முதல் எட்டு வரை இருந்தால் போதும். வயதைக் கேட்பதுதான் எல்லோருக்கும் உடனே தோன்றும். ஆனால் ஒரே வகுப்பில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே வயது என்பதால் அதிலிருந்து யாரைப் பற்றியும் எதுவும் தெரியவராது. குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் எண்ணாக இருந்தால்தான் கண்டுபிடிப்பதில் ஆர்வம் இருக்கும். பிறந்த தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு: பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாக ஒரு தேதியை எழுதிவைத்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, தன் பிறந்தநாளைக் கொண்டாடியே அறியாத குழந்தையிடம் அதைக் கேட்டு முதல் நாளிலேயே சங்கடப்படுத்த வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றிய எண்களில் இதைவிடக் கவனம் தேவை. வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை கைப்பேசிகள், எத்தனை வண்டிகள் என்று கேட்பது வசதியை அளப்பதாகவே முடியும். குழந்தைகள் அதை உடனே புரிந்துகொள்வார்கள். எடையைக் கேட்கக் கூடாது. தேர்வு மதிப்பெண்ணையும் கேட்கக் கூடாது. கைப்பேசி எண்ணும் வீட்டுக் கதவு எண்ணும் வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டப்படும் தாளில் இடம்பெறவே கூடாது. 'வீட்டில் எத்தனை பேர்' என்ற கேள்வி பெரும்பாலும் இயல்பானதுதான். ஆனால் தாயையோ தந்தையையோ இழந்த குழந்தை, விடுதியில் தங்கிப் படிக்கும் குழந்தை, பெற்றோர் வெளியூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டதால் பாட்டியிடம் வளரும் குழந்தை ஆகியோர் வகுப்பில் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, அதைக் கட்டாயக் கேள்வியாக வைக்காமல் விருப்பமுள்ளோர் எழுதும் ஒன்றாக வைப்பது நல்லது. எட்டுக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, 'இவற்றில் உங்களுக்குப் பிடித்த ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டால் எந்தக் குழந்தையும் தான் தவிர்த்ததற்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலை வராது.

நன்றாக அமையும் எண்கள் நம் குழந்தைகளின் நாளிலேயே ஏராளமாக இருக்கின்றன. காலையில் எழும் மணி, வீட்டில் வளரும் கோழிகள் அல்லது ஆடுகளின் எண்ணிக்கை, வந்து சேரும் பேருந்தின் தடம் எண், பள்ளிக்கு வரும் வழியில் நிற்கும் புளியமரங்கள், இதுவரை விழுந்த பால்பற்கள், ஒரே வேளையில் சாப்பிட முடிந்த இட்லிகள், ஒற்றைக் காலில் விடாமல் நொண்டியடிக்க முடிந்த தடவைகள், மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாட முடிந்த நொடிகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசி இரண்டும் வகுப்பிலேயே செய்து பார்த்து எண்ண வேண்டியவை என்பதால், அமைதியாக உட்கார்ந்திருப்பதைக் கடினமாக உணரும் குழந்தைகளுக்கு அவை பெரிய வாய்ப்பு. அளவுகோலையோ அளவு நாடாவையோ கொடுத்து உயரத்தையும் பாதத்தின் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கச் சொன்னால் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தேவையான பெரிய எண்கள் கிடைக்கும். எல்லோருக்கும் எண் அளவிட்ட காலணி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதம் எல்லோருக்கும் இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது பெயரில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி தமிழ் எழுத்தறிவையும் சேர்த்தே சோதித்துவிடுகிறது. முத்துலட்சுமி என்ற பெயரில் மு, த், து, ல, ட், சு, மி என ஏழு எழுத்துகள். புள்ளி வைத்த மெய்யைத் தனி எழுத்தாக எண்ணாமல் ஐந்து என்று சொல்லும் குழந்தைகள் இருப்பார்கள். கோகிலா என்ற பெயரில் மூன்றே எழுத்துகள்தாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிற குழந்தை ஆறு என்று சொல்லும். கௌதம் என்ற பெயரில் வரும் ஔகாரத்தின் பின்குறியை 'ள' என்று எண்ணி நான்கு என்று சொல்வது மிகவும் சாதாரணமாக நடப்பது. இந்தத் தவறுகளை உடனே திருத்தி முடித்துவிடாமல், 'கோ என்பதை ஒரே ஒலியாகச் சொல்கிறோமா, மூன்று ஒலிகளாகச் சொல்கிறோமா' என்று கேட்டுக் குழந்தைகளையே முடிவுசெய்ய விட்டால், தமிழ்ப் பாட வேளையின் வேலையும் அங்கேயே கொஞ்சம் நடந்துவிடும். பெயருக்கு முன் போடும் முதலெழுத்தை (இனிஷியலை) எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பதே எளிது.

ஆசிரியரின் தாள் முதலில்

குழந்தைகள் எழுதத் தொடங்கும் முன் ஆசிரியர் தன்னைப் பற்றிய தாளைக் கரும்பலகையில் எழுத வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் குழந்தைகளிடம் தாளைக் கொடுக்கக் கூடாது. முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் நம்மைப் பற்றி மட்டும் கேட்டால் நமக்கே தயக்கமாக இருக்கும், குழந்தைக்கும் அப்படித்தான்.

எடுத்துக்காட்டாக, 'என் பெயரில் உள்ள எழுத்துகள்: 2 × 3 = □', 'நான் காலையில் எழும் மணி: 9 − 4 = □', 'என் வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தொலைவு கிலோமீட்டரில்: 20 − 6 = □', 'ஒரு நாளில் நான் குடிக்கும் தேநீர்: 12 ÷ 4 = □', 'எனக்கு இருக்கும் அண்ணன்கள்: 8 − 8 = □' என்று எழுதலாம். கூட்டலோடு நின்றுவிடாமல் கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றையும் கலந்து எழுதுவது முக்கியம். ஏனெனில் குழந்தைகள் ஆசிரியரின் தாளை மாதிரியாகக் கொள்வார்கள். அதில் கூட்டல் மட்டும் இருந்தால் அவர்கள் தாளிலும் கூட்டல் மட்டுமே இருக்கும். விடை பூச்சியமாக வரும் ஒன்றைச் சேர்ப்பதையும் மறக்க வேண்டாம். 'இல்லை' என்ற செய்தியையும் ஒரு சமன்பாடாக எழுதலாம் என்பது பல குழந்தைகளுக்குப் புதிது. தங்கள் தாளில் அதை ஆவலோடு பயன்படுத்துவார்கள்.

குழந்தைகள் கணக்குகளைத் தங்கள் ரஃப் நோட்டில் போட்டு விடையைச் சொல்லும்போது, விடையை மட்டும் ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடாமல், அதன் பொருளை முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். '14' என்பதோடு நிறுத்தாமல், 'நீங்கள் 14 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறீர்கள்' என்று குழந்தை சொல்ல வேண்டும். அப்போது எந்தப் பேருந்தில் வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேள்விகள் தாமாக வரும். அவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது வீண் அல்ல.

குழந்தைகள் தங்கள் தாளை உருவாக்குதல்

தாளின் நடுவில் குழந்தை தன் படத்தை வரைந்துகொள்ளட்டும். பெயரைத் தாளின் பின்பக்கம் மட்டும் எழுத வேண்டும். கோட்டு நோட்டின் நடுத்தாளே போதும். சார்ட் தாள் தேவையில்லை. பென்சிலால் எழுதச் சொல்வது நல்லது, ஏனெனில் பின்னர் திருத்த வேண்டிவரும்.

எழுதும் வரிசையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். முதலில் ஐந்து செய்திகளுக்கும் உரிய விடைகளை மட்டும் ரஃப் நோட்டில் எழுதி முடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது இரண்டு சமன்பாடுகளை யோசித்து எழுதி, அவற்றில் தனக்குப் பிடித்ததைத் தாளில் எடுத்தெழுத வேண்டும். இரண்டு என்ற நிபந்தனை சிறியதாகத் தோன்றினாலும் பலன் பெரிது. முதலில் எழுதுவது பெரும்பாலும் 6 + 1 போன்ற பாதுகாப்பான ஒன்றாக இருக்கும். இரண்டாவதுக்குப் போகும்போதுதான் குழந்தை யோசிக்கத் தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் கொடுத்து இரண்டும் சரியா என்று பார்த்த பிறகே தாளில் எழுதலாம் என்று சொல்லிவிட்டால், எழுதப்படும் தாள்களில் பிழை குறையும். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் ஓட வேண்டியதும் இல்லை.

வகுப்புக்கேற்பச் சில வேறுபாடுகள் வேண்டும். மூன்றாம் வகுப்பில் நான்கு செயல்களில் ஏதேனும் இரண்டையாவது பயன்படுத்த வேண்டும் என்பதே போதுமான நிபந்தனை. வகுத்தலில் மீதி வராத எண்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்காம் வகுப்பில் உயரம் போன்ற மூவிலக்க எண்ணை ஒன்றாவது சேர்க்கலாம்: 128 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தை 150 − 22 = □ என்றும் 64 × 2 = □ என்றும் எழுத முடியும். ஐந்தாம் வகுப்பில் தெரியாத எண்ணின் இடத்தை மாற்றலாம். விழுந்த பற்கள் எட்டு என்றால் 3 × □ = 24 என்றோ □ + 12 = 20 என்றோ எழுதினால், விடை எப்போதும் வலப்பக்கக் கடைசியில்தான் இருக்கும் என்ற பழக்கம் உடையும். ஒரே சமன்பாட்டில் பல செயல்களைக் கலப்பதை முதல் வாரத்தில் தவிர்ப்பதே நல்லது. எதை முதலில் செய்வது என்ற விவாதத்தில் அறிமுகம் காணாமல் போய்விடும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்து வேலையைக் குறைத்துப் பொருள்களைக் கையில் கொடுக்க வேண்டும். தன் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை புளியங்கொட்டைகளைக் குழந்தை எடுத்துக்கொள்கிறது. சிலவற்றை மேசையில் வைத்துவிட்டு மீதியைக் கையில் மூடிக்கொள்கிறது. 'எல்லாம் சேர்த்து ஆறு, வெளியே நான்கு, கைக்குள் எத்தனை?' என்று நண்பரிடம் கேட்கிறது. எழுத்துக் குறியே இல்லாத சமன்பாடு இது. பிறகு அதை 4 + □ = 6 என்று ஆசிரியர் பலகையில் எழுதிக் காட்டினால் போதும்.

ஈராசிரியர் பள்ளிகளில் பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்திருப்பார்கள். அங்கே மூத்த குழந்தை ஒருவரையும் இளைய குழந்தை ஒருவரையும் இணையாக்கி, இளையவரின் விடைகளுக்கு மூத்தவர் சமன்பாடு எழுத, புளியங்கொட்டைகளை வைத்து இளையவர் அதைச் சரிபார்க்கும்படி அமைக்கலாம். இருவருக்கும் வேலை இருக்கும். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள்.

விடையைக் கண்டபின் போய்க் கேட்பது

எழுதி முடித்த தாள்களைச் சேகரித்து, மறுநாள் வகுப்பறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் துணிக் கிளிப்புகளால் மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எழுத்தைக் குறியீடாகக் கொடுங்கள். குழந்தைகள் நோட்டை எடுத்துக்கொண்டு நடந்து, ஏதேனும் மூன்று தாள்களைத் தேர்ந்தெடுத்துக் கணக்குகளைப் போட்டு, அவை யாருடையவை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: விடையைக் கண்டுபிடித்தவர் அந்தக் குழந்தையிடம் நேரில் சென்று, பெயர் சொல்லி அழைத்துக் கேட்டுத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 'செல்வம், உங்கள் வீட்டில் ஆறு ஆடுகளா?' என்று கேட்க, 'ஆமாம், அதில் ஒன்று போன வாரம்தான் குட்டி போட்டது' என்பதுபோல் இன்னும் ஒரு செய்தியைச் சேர்த்து அவர் விடை சொல்ல வேண்டும். அறிமுகம் என்பது உண்மையில் நிகழ்வது இந்த ஒற்றை உரையாடலில்தான். சமன்பாடு அதற்கு ஒரு காரணத்தை உருவாக்கித் தருகிறது. எல்லோர் முன்னும் எழுந்து பேசத் தயங்கும் குழந்தை, ஒரே ஒருவர் தன்னிடம் வந்து தன் ஆட்டைப் பற்றிக் கேட்கும்போது தயங்காமல் பேசும். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுக் கேட்காமலேயே இருக்கையில் போய் அமரும் குழந்தைகளை மென்மையாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

விடை பொருந்தவில்லை என்றால் ஆசிரியர் தலையிட வேண்டாம். கணக்குப் போட்டவரும் கணக்கை எழுதியவரும் சேர்ந்து உட்கார்ந்து, பிழை யாருடைய பக்கம் என்று பார்க்கட்டும். எழுதியவரின் பிழை என்றால் அவரே பென்சில் எழுத்தை அழித்துத் திருத்தலாம். முதலில் முடித்தவருக்குப் பரிசு, அதிக விடை கண்டவருக்கு நட்சத்திரம் என்று எதுவும் அறிவிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேகம் உள்ளே வந்தவுடன் குழந்தைகள் ஒருவரையொருவர் கேட்பதை நிறுத்திவிட்டு எண்களை மட்டும் துரத்துவார்கள்.

தமிழ் தெரியாத குழந்தைகளுக்கு இந்தச் சுற்று தனிப் பயன் தருகிறது. சென்னை, திருப்பூர் போன்ற இடங்களில் வேலைக்காக வந்து தங்கியுள்ள பிற மாநிலக் குடும்பங்களின் குழந்தைகள் நம் பள்ளிகளில் சேர்கிறார்கள். மொழி புரியாத குழந்தைக்கு வாய்வழி அறிமுகம் ஒரு தண்டனையாகவே இருக்கும். இலக்கங்களும் + − × ÷ என்ற குறிகளும் அந்தக் குழந்தைக்கும் தெரிந்தவையே. செய்திக்குப் பதிலாக ஆட்டையோ பேருந்தையோ பல்லையோ படமாக வரைந்துவிட்டால் அதன் தாளை வகுப்பில் யாரும் படிக்கலாம். பிற குழந்தைகள் அதனிடம் போய் விரல்களைக் காட்டிக் கேட்டு, அந்த எண்ணை அதன் மொழியில் எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொண்டு வந்தால், முதல் வாரத்திலேயே அது வகுப்புக்கு எதையோ சொல்லிக்கொடுத்த குழந்தையாகிவிடும்.

சமக்குறியை இந்தத் தருணத்தில் கவனியுங்கள்

சமக்குறியைப் பற்றித் தனியாகப் பேசியாக வேண்டும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பலர் '=' என்பதை 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளையாகவே புரிந்துகொள்கிறார்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் வரும் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பலர் 12 என்பார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடையான 7 அரிதாகவே வரும். இதே கேள்வியை அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்ட ஆய்வாளர்களும் இதே பிழைகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே இது நம் குழந்தைகளின் குறை அல்ல, எப்போதும் ஒரே வடிவில் கணக்குக் கொடுப்பதால் வரும் விளைவு. மேல்வகுப்புகளில் இயற்கணிதம் தொடங்கும்போது இந்தத் தவறான புரிதல் பெரிய தடையாகிறது.

அறிமுகத் தாள்கள் இதைச் சரிசெய்ய ஒரு நல்ல வழியைத் தருகின்றன. மூன்றாவது நாளில், விடை ஒன்றாக வரும் தாள்களை உடையவர்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லுங்கள். பொன்னி தன் பெயரில் உள்ள எழுத்துகளுக்கு 9 − 6 என்று எழுதியிருப்பாள். கவின் தன் பெயருக்கு 12 ÷ 4 என்று எழுதியிருப்பான். இருவருக்கும் மூன்றே எழுத்துகள் என்பதால் இருவரின் கணக்குகளையும் ஒரு நீளத் துண்டுத்தாளில் 9 − 6 = 12 ÷ 4 என்று எழுதலாம். விடை எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். விடை எழுதப்படவில்லை, ஆனாலும் வாக்கியம் உண்மை என்று அவர்களே கண்டுகொள்ளும்வரை காத்திருங்கள். இந்தக் குறியை 1557இல் வேல்ஸ் நாட்டுக் கணிதர் ராபர்ட் ரெக்கார்டு அறிமுகப்படுத்தினார் என்பதையும், இணையான இரு கோடுகளைவிடச் சமமானவை வேறு எவையும் இல்லை என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் அப்போது சொன்னால் குழந்தைகள் மறக்க மாட்டார்கள்.

தாளில் 5 + 3 = 8 × 2 = 16 என்பதுபோல் தொடர்ச்சியாக எழுதும் குழந்தைகளும் இருப்பார்கள். வாயால் சொல்லும்போது இது சரியாகவே ஒலிக்கும். ஆனால் 5 + 3 என்பது 8 × 2க்குச் சமம் அல்ல. இதை முதல் வாரத்திலேயே கண்டு, இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதப் பழக்குவது பின்னால் மிகுந்த உழைப்பை மிச்சப்படுத்தும்.

வகுப்பின் படம்

நேரம் இருந்தால் பெயரெழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு வகுப்புக்கு ஒரு விளக்கப்படம் அமைக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு காலித் தீப்பெட்டியில் தன் பெயரை எழுதி ஒட்டி, மூன்றெழுத்துப் பெயர்கள், நான்கெழுத்துப் பெயர்கள் என்று அடுக்கினால், எந்த எண்ணிக்கையில் பெயர்கள் அதிகம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். நேர்க்கோட்டுக் குறிகளும் பட்டை வரைபடமும் பாடமாக வரும்போது இதே அடுக்கை மீண்டும் பயன்படுத்தலாம்.

தாள்களில் ஆசிரியர் படிக்க வேண்டியவை

தாள்களை மதிப்பெண் போடும் நோக்கத்தோடு வாங்கக் கூடாது. சிவப்பு மையால் எதையும் குறிக்கவும் கூடாது. அவற்றை வீட்டுக்கு எடுத்துச்சென்று அமைதியாகப் படித்து, ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஓரிரு வரிகளைத் தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து விடைகளுக்கும் ஒன்றைக் கூட்டும் கணக்கையே எழுதிய குழந்தைக்கு வேறு செயல்கள் தெரியவில்லையா, தெரிந்தும் தவறிவிடுமோ என்ற அச்சமா என்பதைப் பிறகு பக்கத்தில் அமர்ந்து பேசித்தான் அறிய முடியும். 7 என்பதற்கு 100 − 93 என்று எழுதிய குழந்தை சவாலை விரும்புகிறது. அதற்கு வழக்கமான பயிற்சிகள் விரைவில் சலித்துவிடும். 14 என்ற விடைக்கு 32 − 18 என்று எழுத வேண்டிய இடத்தில், 26 என்ற விடைக்கு அதை எழுதியிருந்தால், அந்தக் குழந்தை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது என்று பொருள். கடன் வாங்கிக் கழித்தலை அது வெறுமனே மறந்துவிடவில்லை, அடிப்படையிலேயே புரிந்துகொள்ளவில்லை. நூற்றெட்டு என்பதை 1008 என்று எழுதியிருந்தால் இட மதிப்பில் வேலை இருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்தும் தன் தாளில் பெருக்கலை ஓரிடத்தில்கூடப் பயன்படுத்தாத குழந்தைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாடு அவர்களுக்கு இன்னும் பாட்டாகவே இருக்கிறது, கருவியாகவில்லை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய, அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்ப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் அறிந்து கற்பிக்கிறோம். அந்த நிலையை முடிவுசெய்வதற்கு இந்தத் தாளைப் பயன்படுத்த வேண்டாம். தன்னைப் பற்றி எழுதித் தந்ததே தன்னைத் தரம் பிரிக்கப் பயன்பட்டது என்று ஒரு குழந்தை உணர்ந்துவிட்டால், அடுத்த முறை அது எதையும் மனம்விட்டு எழுதாது. அந்த நிலையில் ஏற்கெனவே இருக்கும் குழந்தைக்கு அடுத்து எதைக் கற்பிப்பது என்று யோசிக்கும்போது மட்டும் உங்கள் குறிப்புகள் உதவட்டும்.

கணக்கைப் பற்றிய குறிப்புகளோடு நின்றுவிடவும் வேண்டாம். காலை நான்கு மணிக்கு எழுவதாக எழுதிய குழந்தை முதல் பாடவேளையில் கண் அயர்ந்தால் அதற்குக் காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். இரண்டு பேருந்துகள் மாறி வரும் குழந்தை தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைக்கலாம். கேள்விகளில் எவற்றையெல்லாம் ஒரு குழந்தை தவிர்த்தது என்பதும் ஒரு செய்திதான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அதே கேள்விகளைக் கொடுத்துப் புதிய தாள் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். உயரம் கூடியிருக்கும், பற்கள் விழுந்திருக்கும், ஆடுகள் விற்கப்பட்டிருக்கும் அல்லது குட்டி போட்டிருக்கும். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, மாறியிருப்பவற்றின் வேறுபாட்டையும் ஒரு சமன்பாடாக எழுதும்போது, கூட்டலை மட்டுமே எழுதிய குழந்தை இப்போது வகுத்தலை எழுதுவதைத் தானே பார்க்கும்.

ஜூலையிலோ ஆகஸ்டிலோ புதிதாக ஒரு குழந்தை சேர்ந்தால், எல்லோரும் முதல் வாரத்தில் செய்த வேலையை அந்தக் குழந்தை தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. ஐந்து பேர் தங்கள் தாள்களைக் கொண்டுபோய் அதனிடம் கொடுத்து, கணக்கைப் போட்டுத் தங்களைப் பற்றிக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். மறுநாள் அது தன் தாளை எழுதிக் கொண்டுவரும்போது, அதைப் போட்டுப் பார்க்க அந்த ஐந்து பேரும் காத்திருப்பார்கள்.